முழங்கால் வலியும் எலும்புப் புற்றுநோயும்

புற்றுநோய் என்றதும் நுரையீரல், மார்பகம், இரத்தம் என்றுதான் நம் நினைவு ஓடும். எலும்பை யாரும் நினைப்பதில்லை. வயதானவர்களின் எலும்பில் காணப்படும் புற்று பெரும்பாலும் வேறோர் உறுப்பில் தோன்றி அங்கே பரவியதாகவே இருக்கும். மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவினாலும் அது மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்குரியதே. எலும்பிலேயே பிறக்கும் புற்றுநோயோ மிக அரிது. எல்லாப் புற்றுநோய்களிலும் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

அரிதுதான், ஆனால் அது தேடி வருவது நம் தம்பி தங்கைகளை. எலும்புப் புற்றுநோய்களில் முதன்மையான ஆஸ்டியோசார்கோமா, எலும்பு விறுவிறுவென வளரும் பதின்ம வயதில்தான் அதிகம் தோன்றுகிறது. அதுவும் வளர்ச்சி மிகுந்த முழங்காலைச் சுற்றியே பெரும்பாலும் வருகிறது. இங்கேதான் சிக்கல். படிவம் இரண்டில் படிக்கும் பையனுக்கு முழங்கால் வலித்தால் நாம் என்ன சொல்வோம்? “பந்து விளையாடி விழுந்திருப்பான்”, “வளருற வயசு, வலிக்கத்தான் செய்யும்” என்போம்.

கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் அப்படித்தான் எண்ணினார். 1976ஆம் ஆண்டு கார் விபத்தொன்றில் அவருடைய வலது முழங்காலில் அடிபட்டது. பிறகு வலி வந்தபோது, கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று பொறுத்துக்கொண்டார். 1977 மார்ச்சில் ஆஸ்டியோசார்கோமா என்று தெரிந்தது. முழங்காலுக்கு மேல் காலை வெட்டி எடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 18. 1980இல் செயற்கைக் காலுடன் 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடி, புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981இல் இறந்தார். அப்போது அவருக்கு 22 வயது. இதை எழுதும் எனக்கும் அதே வயதுதான். அவர் பெயரிலான ஓட்டம் கோலாலம்பூரிலும் நடந்திருக்கிறது.

அடிபட்டதால் இந்நோய் வருவதில்லை. அடிபட்ட இடம் என்று கவனிக்கும்போது, ஏற்கெனவே இருப்பது தெரியவருகிறது, அவ்வளவே. சாதாரண வலி ஓய்வெடுத்தால் குறையும். வாரக்கணக்கில் நீடித்து, இரவில் தூக்கத்தைக் கெடுத்து, அதே இடத்தில் வீக்கமும் கண்டால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். தைலம் தேய்த்து, சுளுக்கு எடுப்பவரிடம் உருவிவிட்டு மாதங்களைக் கழிப்பதுதான் நம்மிடையே நடக்கிறது. காரணம் தெரியாத வீக்கத்தை உருவவே கூடாது.

எக்ஸ்ரேயில் ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ., நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன், பிறகு ஊசியால் சிறு துண்டு எடுத்துத் திசுச் சோதனை. “கத்தி பட்டால் பரவிவிடும்” என்று அஞ்சிப் பலர் இதற்கு உடன்படுவதில்லை. உண்மையில் இச்சோதனை இல்லாமல் நோயின் வகையே தெரியாது. ஆனால் ஊசி சென்ற வழியையும் பின்னர் அறுவையில் அகற்ற வேண்டியிருப்பதால், அறுவை செய்யப்போகும் மருத்துவக் குழுவே இதைச் செய்வது நல்லது.

சிகிச்சை அறுவையில் தொடங்குவதில்லை. முதலில் ஏறத்தாழ 10 வாரம் கீமோதெரபி. மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்றும் வழக்கமான மருந்துகள். முடி கொட்டும், வாந்தி வரும். இதயம், சிறுநீரகம், செவி ஆகியவற்றையும் கண்காணிக்க வேண்டும். அதன்பின் அறுவை. அகற்றிய கட்டியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் செத்திருந்தால் மருந்து நன்றாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். மீண்டும் சில மாதங்கள் மருந்து தொடரும்.

டெர்ரியின் காலத்தில் காலை எடுப்பதே வழக்கம். இன்றோ பெரும்பாலோருக்குப் புற்று உள்ள எலும்பை மட்டும் நீக்கி, உலோக மூட்டு பொருத்திக் காலைக் காப்பாற்றுகிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கென நீட்டிக்கக்கூடிய உலோக எலும்பும் உண்டு. முக்கிய நரம்பு, இரத்தக் குழாய்களைக் கட்டி சூழ்ந்துவிட்டால் மட்டும் காலை இழக்க நேரலாம். யூயிங் சார்கோமா என்னும் மற்றொரு வகைக்குக் கதிர்வீச்சும் பயன்படும். பெரியவர்களுக்கு வரும் காண்ட்ரோசார்கோமாவுக்கு அறுவையே வழி.

பரவாத நிலையில் கண்டறியப்பட்ட ஆஸ்டியோசார்கோமா நோயாளிகள் 100 பேரில் 60 முதல் 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். பரவிய பிறகு அது 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், கிளந்தான் குபாங் கெரியானிலுள்ள அறிவியல் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு. முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்குப் போனால் போதும். ஐயமிருந்தால் அங்கிருந்தே பரிந்துரைக் கடிதம் தருவார்கள்.