பட்டம் கைக்கு வந்தது, பாலிசி?

பிள்ளை டிகிரி முடித்த சந்தோஷத்தில் பல வீடுகள் கவனிக்கத் தவறும் விஷயம் இது. அப்பாவின் குடும்ப மருத்துவக் காப்பீட்டில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 25 வயது வரைதான் இடம். பதினெட்டு தாண்டிய பிள்ளை சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால், அடுத்த புதுப்பித்தலிலேயே பெயரை எடுத்துவிடும் பாலிசிகளும் உண்டு. உங்கள் பாலிசி என்ன சொல்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

பெயர் போனாலும் அதே நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். சின்ன வயதிலிருந்து வீசிங் உள்ள ஒரு பையன் அந்த 36 மாதத்தை அப்பாவின் பாலிசியிலேயே கழித்திருந்தால், பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்கு அது அவன் கணக்கில் சேரும். விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் புதிதாக எடுத்தால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அதனால் கெடு தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

வேலை கிடைத்துவிட்டதா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால், இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனங்களில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். "சும்மா பிடிக்கிறாங்க" என்று நினைத்து இ.எஸ்.ஐ. அட்டையை வாங்காமலே இருக்கும் இளைஞர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வெளிநோயாளி சிகிச்சை, மாத்திரை எல்லாம் அதில் அடக்கம். கூடுதல் சம்பளக்காரர்களுக்கு கம்பெனியின் குழுக் காப்பீடு இருக்கும். ஆனால் வேலையை விட்டதும் அது பொதுவாக நின்றுவிடும். சொந்த பாலிசி ஒன்றும் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது.

விண்ணப்பம் போடும் இடத்தில்தான் உண்மையான ஆபத்து. "தைராய்டு மாத்திரை போடுறேன்" என்கிறாள் பெண். "அதை எழுத வேணாம்மா, பிரீமியம் ஏறிடும்" என்று ஏஜென்ட் 'இல்லை' கட்டத்தில் டிக் அடிக்கிறார். அவள் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொல்லிவிடுகிறாள், அதுதான் அவள் கையெழுத்து. இரண்டு வருடம் கழித்து ஆஸ்பத்திரி பழைய மருத்துவச் சீட்டை அனுப்ப, நோயை மறைத்தார் என்று கிளைம் நின்றுபோகிறது. 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடிய பிறகு, மோசடி நிரூபணமானால் தவிர, நிறுவனம் இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. எனவே விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். பாலிசி வந்ததும் விண்ணப்ப நகலையும் படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஐம்பது லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. அவரிடம் புகாரை ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.