எங்கள் மேஜைக்கு ஒரு லிஃப்ட்!

லிஃப்ட் என்றதும் ஆஸ்பத்திரியிலும் அடுக்குமாடிக் கட்டடத்திலும் நாம் ஏறிப் போகும் லிஃப்ட்தானே நினைவுக்கு வரும்? எனக்கும் அப்படித்தான். மரவேலை மேஜைக்குக்கூட லிஃப்ட் உண்டு என்று போன வருஷம் வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வைத்தது, என் கையால் நேர்ந்த ஒரு தவறு. மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டில் இந்த மாதிரி மெஷின் வைத்திருக்கும் சகோதரிகள் யாருக்காவது உதவட்டும்.

என் வீட்டுக்காரருக்கு மரவேலையில் கொள்ளை ஆசை. ஆபீஸ் விட்டு வந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பின்கட்டில்தான் இருப்பார். தள்ளித் திறக்கும் மூடி போட்ட பழைய காலத்து மர அஞ்சறைப்பெட்டியை அச்சாகச் செய்வார். முதலில் எங்கள் வீட்டுக்கு ஒன்று, பிறகு நாத்தனார் வீட்டுக்கு. அப்புறம் தெரிந்தவர்கள் காசு கொடுத்தே கேட்க ஆரம்பித்தார்கள். மாசம் நாலு பெட்டி போனால் பெண்ணின் டியூஷன் செலவுக்குக் கட்டி வரும்.

பெட்டிக்கு அழகே அந்த மூடிதான். பக்கவாட்டுப் பலகைகளில் காடி எடுத்து, அதற்குள் மூடி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். காடியின் ஆழம் ஒரு மயிரிழை குறைந்தால் மூடி இறுகிக்கொள்ளும். கூடினால் லொடலொடவென்று ஆடி மிளகாய்ப்பொடி சிந்தும். இந்தக் காடியை எடுக்கத்தான் ரூட்டர் என்ற மெஷின்.

நம் மிக்ஸி மாதிரிதான்

ரூட்டர் என்பது அதிவேகமாகச் சுற்றும் ஒரு மோட்டார். அதன் நுனியில் பிட் என்கிற வெட்டும் அலகை மாட்டுவார்கள். வகைக்குத் தகுந்தபடி நிமிஷத்துக்கு 10,000 முதல் 30,000 சுற்று வரை சுற்றும். கையில் பிடித்தும் பலகை மேல் ஓட்டலாம். சின்னப் பலகைகளுக்கு அது சரிப்படாது என்பதால், மோட்டாரை மேஜைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிட் மட்டும் மேஜை மேல் தலைகாட்டும்படி வைப்பார்கள். நம் மிக்ஸியில் மோட்டார் கீழே, பிளேடு மேலே இருக்கிறதே, அதே ஏற்பாடுதான். தடுப்புச் சட்டத்தை ஒட்டிப் பலகையைத் தள்ளினால் காடி விழும்.

பிட் எவ்வளவு உயரம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுதான் காடியின் ஆழம். அந்த உயரத்தை மாற்றுவதில்தான் எங்கள் கஷ்டம் இருந்தது. மேஜைக்கு அடியில் மண்டி போட்டு, ஒரு கையால் மோட்டாரைத் தாங்கி, திருகைத் தளர்த்தி, மேலே ஸ்கேல் வைத்து அளந்து, மறுபடி இறுக்க வேண்டும். ஒரு பெட்டிக்குப் பத்துப் பதினைந்து முறை இப்படி. ராத்திரி படுக்கும்போது, "இடுப்பில் கொஞ்சம் தைலம் தேய்த்து விடேன்" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நான் அடுப்பில் சாம்பாரை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். இவர் மேஜைக்கு அடியில் வலது கையை விட்டுக்கொண்டு, இடது கையால் மேலே ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் தெரியலை, லைட்டைப் போடு" என்றார். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச். ஒன்று லைட், ஒன்று ரூட்டர். நான் போட்டது ரூட்டர் சுவிட்ச்.

மெஷினிலேயே சுவிட்ச் உண்டு. ஆனால் அது மேஜைக்கு அடியில் கைக்கு எட்டாது என்று, அதை எப்போதும் போட்ட நிலையிலேயே வைத்துவிட்டு வெளிச் சுவிட்சில் ஓட்டுவதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு ப்ளக்கையும் பிடுங்கவில்லை. இடது ஆள்காட்டி விரலின் நகமும் நுனிச் சதையும் போய்விட்டன.

சத்தம் கேட்டு ஓடி வந்த மாமியார் காப்பிப் பொடியை அள்ளிக்கொண்டு வந்தார்கள். "வேண்டாம் அத்தை" என்று தடுத்துவிட்டேன். பொடி எதையும் காயத்தில் அப்பினால் டாக்டருக்குச் சுத்தம் செய்வது கஷ்டம், சீழ் பிடிக்கவும் இடமுண்டு. சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியபடியே ஆட்டோவில் ஏறினோம். நாலு தையல், டெட்டனஸ் ஊசி. "எலும்புக்குப் போகாதது உங்கள் நல்ல காலம்" என்றார் டாக்டர்.

இவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ப்ளக்கைப் பிடுங்காதது என் தப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மெஷினை விற்றுவிடுங்கள் என்று அழுதேன். பிறகு, இவரிடமிருந்து இதைப் பிடுங்குவதைவிட, விரல் பிட் பக்கமே போகாமல் இருக்க என்ன வழி என்று பார்ப்போமே என்று தோன்றியது. மகன்தான் சொன்னான்: "அம்மா, இதுக்குன்னே ரூட்டர் லிஃப்ட்னு ஒண்ணு இருக்கும்மா."

லிஃப்ட் என்ன செய்கிறது?

மேஜையின் நடுவில் வெட்டிய பள்ளத்தில் உட்காரும் ஒரு உலோகத் தட்டு. அதற்கு அடியில் மோட்டாரைக் கவ்விப் பிடிக்கும் பிடியும், அதை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டும் இருக்கும். தட்டில் உள்ள சின்ன ஓட்டையில் மேலிருந்தே கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் மோட்டார் ஏறும், இறங்கும். குனிய வேண்டாம், மோட்டாரைத் தாங்க வேண்டாம். பிட் மாற்றவும் மோட்டாரைத் தட்டுக்கு மேலே தலை தெரியும்படி ஏற்றி, ஸ்பானர் போட்டு விடலாம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை வகை! புடவைக் கடையில் நிற்பது போலத் திகைத்துப் போனேன். பார்த்துக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. மோட்டாரின் சுற்றளவு: எல்லாவற்றுக்கும் முதலில் இது. மகன் வெளிநாட்டு லிஃப்ட் ஒன்றைத் தள்ளுபடியில் பார்த்து, வாங்கிவிடலாம் என்று குதித்தான். நான் தையல் டேப்பை எடுத்து மோட்டாரின் உடம்பைச் சுற்றி அளந்தேன். 20.4 சென்டிமீட்டர். அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 65 மில்லிமீட்டர். நம் கணக்கில் சொன்னால் 2.8 அளவு வளையல் நுழையாது, 2.10 நுழையும். தள்ளுபடி லிஃப்டோ மூன்றரை அங்குல விட்டமுள்ள, அதாவது சுமார் 89 மில்லிமீட்டர் மோட்டாருக்கானது. வாங்கியிருந்தால் பணம் தண்டம். சில பெரிய லிஃப்டுகளில் இடையில் வளையம் வைத்துச் சின்ன மோட்டாரையும் பொருத்தலாம். அந்த வளையம் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. தட்டின் அளவு: வெளிநாட்டு வகைகளில் 9¼ அங்குலத்துக்கு 11¾ அங்குலம் என்பது பரவலான அளவு. 8¼-க்கு 11¾ என்றும் உண்டு. அதனால் லிஃப்டைக் கையில் வாங்கி அளந்த பிறகே மேஜையில் பள்ளம் வெட்ட வேண்டும். ரவிக்கைத் துணி வருமுன் பட்டன் துளை போடுவோமா?

3. தட்டின் திடம்: கனமான மோட்டார் நாள் முழுக்கத் தொங்கினால் மெல்லிய தட்டு நடுவில் குழிந்துவிடும். குழிந்த தட்டில் காடி ஒரு இடத்தில் ஆழமாகவும் ஒரு இடத்தில் மேலாகவும் விழும். இரும்பு ஸ்கேலைத் தட்டின் மேல் குறுக்காக நிறுத்தி வைத்து, கீழே காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். நடுவில் நுழைந்தால் வேண்டாம்.

4. பூட்டு: மோட்டார் ஓடும் அதிர்வில் உயரம் தானாக இறங்கக் கூடாது. அதற்குத் தனியாகப் பூட்டும் திருகு இருக்க வேண்டும். பூட்டிய பிறகு பிட் நகர்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

5. ஒரு சுற்றுக்கு எவ்வளவு: எங்களுடையதில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். அரைச் சுற்று முக்கால் மில்லிமீட்டர். மனக்கணக்கிலேயே வேலை முடிகிறது.

6. நடு ஓட்டையின் வளையங்கள்: பிட்டைச் சுற்றி இடைவெளி அதிகமிருந்தால் சின்னப் பலகையின் முனை அதில் சரிந்து மாட்டிக்கொள்ளும். பிட்டின் பருமனுக்கு ஏற்றபடி மாற்றிப் போட வளையங்கள் கூட வருகின்றனவா என்று பாருங்கள்.

அவசியம் வாங்கத்தான் வேண்டுமா?

சிலருக்கு வேண்டாம். ட்ரைட்டன் கம்பெனியின் 2,400 வாட் ரூட்டரைப் போலச் சிலவற்றில், மேலிருந்து கைப்பிடி போட்டு உயரம் மாற்றும் வசதி மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. புதிதாக ரூட்டரே வாங்கப் போகிறவர்கள் முதலில் அதை விசாரியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் மெஷின் தருவிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், நம் வீட்டில் 230. லிஃப்டில் மோட்டார் இல்லையானால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

காருக்கு அடியில் வைக்கும் ஜாக்கியை வைத்தே வீட்டில் லிஃப்ட் செய்துகொள்பவர்களும் இருக்கிறார்கள். செலவு குறைவு. இவருக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் ஜாக்கி ஏற்றி இறக்குமே தவிர, பக்கவாட்டில் ஆடாமல் மோட்டாரை நேராகப் பிடிக்கத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும். அடிபட்ட கையோடு அந்தச் சோதனை வேண்டாம் என்று நான் ஒரே பிடியாக நின்றுவிட்டேன்.

எங்களுக்கு வேண்டியதெல்லாம் 6 மில்லிமீட்டர் காடி. அதற்கு எங்கள் சின்ன மோட்டாரே தாராளம். ஆகவே 65 மில்லிமீட்டர் மோட்டாருக்கென்றே வரும் சின்ன அலுமினிய லிஃப்டை வாங்கினோம். பெரிய கதவுச் சட்டங்களுக்கு அகலமான பிட் போடுகிறவர்களுக்கு இது போதாது. அகல பிட்டுக்கு வேகத்தைக் குறைக்கக்கூடிய பெரிய மோட்டாரும் அதைத் தாங்கும் லிஃப்டும் வேண்டும்.

லிஃப்ட் மட்டும் போதாது

இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். அன்றைக்கு விரலை வெட்டியது நான் போட்ட சுவிட்ச். அதனால் லிஃப்டோடு சேர்த்து, மேஜையின் முன்பக்கம் பச்சை, சிவப்பு பட்டன் உள்ள பாதுகாப்பு சுவிட்சும் போட்டோம். கரண்ட் போய் வந்தாலும் பச்சையை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். பவர்கட்டில் வேலையை விட்டுவிட்டு உள்ளே வந்து, கரண்ட் வந்ததும் மெஷின் தானாகச் சுற்றினால், பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆகும்? லைட்டுக்கும் தனி ப்ளக் பாயிண்ட் போட்டாயிற்று.

இப்போது எங்கள் வீட்டுச் சட்டங்கள் இவை. உயரம் மாற்றவோ பிட் மாற்றவோ போகுமுன் ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேஜை மேல் வைக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பூட்டை இறுக்கி, கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். பலகையை வலமிருந்து இடமாகத்தான் தள்ள வேண்டும், எதிர்த் திசையில் தள்ளினால் பிட் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போகும். பிட்டுக்குப் பக்கத்தில் விரல் போகாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். ஆழமான காடியை ஒரே மூச்சில் எடுக்காமல், தடவைக்கு மூன்று மில்லிமீட்டராக எடுக்க வேண்டும். உயரம் அளவைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் அதிகமாகவே இறக்கி, மறுபடி ஏற்றித்தான் அளவுக்கு வர வேண்டும். திருகில் இருக்கும் இளக்கம் அப்போதுதான் தெரியாது. வேலை முடிந்ததும் கைப்பிடி என் சமையலறை அலமாரிக்கு வந்துவிடும்.

உதவிக்கு நிற்கும் பெண்கள் தலைப்பைச் செருகிக்கொண்டு, தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு, வளையலைக் கழற்றி, கூந்தலைக் கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும். கையுறை வேண்டாம். அது பிட்டில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

மரத்தூளையும் அலட்சியம் செய்யாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தரும். இவர் மாஸ்க் இல்லாமல் மெஷின் பக்கம் போவதில்லை. நான் துடைப்பம் போட்டுத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்கிறேன். வேலைச் சட்டையைக் குழந்தைகள் துணியோடு ஊறப்போடுவதில்லை. மெஷின் சத்தம் காதுக்கும் கெடுதல் என்பதால் காதடைப்பானும் உண்டு.

விரல் ஆறிவிட்டது. நகம் மட்டும் கொஞ்சம் கோணலாக முளைத்திருக்கிறது. லிஃப்ட் வந்த பிறகு செய்த முதல் பெட்டியை விற்க வேண்டாம் என்று நானே வைத்துக்கொண்டேன். மூடி ஒரே விரலால் தள்ள ஓடுகிறது. தினம் காலையில் கடுகு எடுக்கும்போது அதைத் தள்ளுகிறேன். பின்கட்டிலிருந்து "லைட்டைப் போடு" என்று குரல் வந்தால், இப்போதும் முதலில் போய் ப்ளக் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைக்கிறேன்.