எலியும் அல்ல, பன்றியும் அல்ல

மார்கழியில் குன்னூர்ப் பக்கம் டீ சீக்கிரம் ஆறிவிடும். முதலில் அதைக் குடித்துவிடுவோம், பேச்சுக்கு அவசரமில்லை. நவம்பரில் விழத் தொடங்கும் நீர்ப்பனி டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகிறது. ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைச் செடி கருகாமலிருக்க மிலாறுச் செடியைப் போட்டு மூடுவார்கள். இப்படிப்பட்ட ஒரு காலையில் வீட்டோரம் முள்ளோடு ஏதோ ஒன்று கிடந்தால் நமக்கு மனசு கேட்காது. உள்ளே தூக்கி வந்து, கொஞ்சம் பால் ஊற்றி, அடுப்படியில் வைக்கத் தோன்றும். அந்தப் பரிவு நல்லதுதான். ஆனால் தூக்குவதற்கு முன், வந்திருப்பது யார் என்று பார்த்துவிடுவோம்.

சின்னதாக ஒரு முள் உருண்டையைக் கண்டால், "முள்ளம்பன்றிக் குட்டி" என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்கிறோம். படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இதில் இல்லை. ஆனால் உருண்டையாகச் சுருள்வது முள்ளெலி, அது முள்ளம்பன்றியின் குட்டி அல்ல. தூரத்துச் சொந்தம்கூட அல்ல. இதில் நம்மைக் குழப்புவது பெயர்கள்தான். முள்ளம்பன்றியின் பெயரில் பன்றி இருக்கிறது, ஆனால் பிறப்பால் அது எலி, அணில் கூட்டத்தைச் சேர்ந்தது. ஓயாமல் வளரும் முன்பற்களால் கிழங்கையும் மரப்பட்டையையும் கொறிக்கும். முள்ளெலியின் பெயரில் எலி இருக்கிறது, ஆனால் அது எலி இனமே அல்ல. மூஞ்சூறுக்குத்தான் கொஞ்சம் நெருக்கம். தின்பது வண்டு, கரையான், புழு. இங்கிலீஷ்காரர்களும் இதை 'வேலிப் பன்றி' என்ற பொருளில்தான் ஹெட்ஜ்ஹாக் என்றார்கள். ஆக, இந்த இரண்டையும் பார்த்து ஏமாந்தது நாம் மட்டுமல்ல.

பெயர்க் குழப்பம்தானே என்று விட்டுவிட முடியாது. குட்டி முள்ளம்பன்றி என்று நினைத்து ஒரு முள்ளெலிக்கு நாம் கேரட்டும் உருளைக்கிழங்கும் வெட்டி வைத்தால், அது தட்டுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடக்கும்.

அடையாளம் காண்பது எளிது. வளர்ந்த முள்ளம்பன்றி பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட நீண்ட முட்கள். அது பந்தாகச் சுருளாது. பயந்தால் முள்ளை விரித்து, வால் முள்ளைக் கிலுகிலுப்பை போல ஆட்டி, பின்பக்கமாகப் பாயும். முள்ளை அம்புபோல எய்யும் என்பார்கள், அப்படி எய்யாது. மோதும்போது முள் கழன்று எதிரியின் உடம்பில் தங்கிவிடும், அவ்வளவுதான். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் எழுதிய முக்தேசர் ஆட்கொல்லிப் புலி இப்படி மோதித்தான் ஒரு கண்ணை இழந்து, முன்னங்காலில் ஐம்பது முள் தைத்துத் திரிந்தது.

முள்ளெலியோ நம் உள்ளங்கையில் அடங்கும், எடை கால் கிலோ அளவுதான். ஒரு அங்குலம்கூட இல்லாத முட்கள். நம் ஊரில் இருப்பது தென்னிந்திய முள்ளெலி. 1851இல் ஹார்ஸ்ஃபீல்டு என்ற இயற்கையியலாளர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அது எப்படிச் சுருள்கிறது என்று தெரிய, பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்வோம். முள் போர்த்த தோலின் விளிம்பைச் சுற்றி ஒரு தசை ஓடுகிறது. அந்தத் தசைதான் பையின் கயிறு. இழுத்தால் தலை, கால், வயிறு எல்லாம் உள்ளே போய்ப் பையின் வாய் மூடிக்கொள்ளும். ஆகவே இறுகச் சுருண்டு கிடக்கும் முள்ளெலி சாகவில்லை. கயிற்றை இழுத்துப் பிடிக்கும் தெம்பு அதற்கு இருக்கிறது.

இனி மலைக்கு வருவோம். நீலகிரியின் உச்சியில் நம் தோட்டத்துக்கு வருவது பெரும்பாலும் முள்ளம்பன்றிதான். முள்ளெலி கீழே, கோயம்புத்தூர்ப் பக்கம் போன்ற வறண்ட முள்காட்டுச் சமவெளியின் பிராணி. முள்ளம்பன்றிக்கு நம் அடுப்புச் சூடு தேவையில்லை. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கிறதே, அதே காரணத்தால் அதன் வளையும் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே பனி உறைந்தாலும் ஆழத்து மண் சட்டென்று குளிர்வதில்லை. அது வருவது நம் உருளைக்கிழங்குக்கும் பீட்ரூட்டுக்கும். முற்றத்துக்குள் மாட்டிக்கொண்டால் நாயைக் கட்டிவிட்டு, விளக்கை அணைத்து, கேட்டைத் திறந்துவைத்தால் தானே போய்விடும். பின்னால் மட்டும் நிற்க வேண்டாம். வேலியோரத்துச் சுருக்குக் கம்பியில் சிக்கியிருந்தால் நாம் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்வோம்.

கீழே மேட்டுப்பாளையத்துச் சாலையோரம் ஒரு முள்ளெலியைக் கண்டு, இரக்கப்பட்டு அட்டைப்பெட்டியில் வைத்து மலைக்குக் கொண்டு வருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. வெயில் காட்டில் பிறந்ததை ஒரே பகலில் உறைபனிக்கு ஏற்றிவிடுகிறோம். ஐரோப்பிய முள்ளெலி குளிர்காலம் முழுக்கக் கொழுப்பைச் செலவழித்து உறங்கும். ஒல்லியான குட்டிக்கு அங்கே மனிதர் உதவி தேவைப்படுவது அதனால்தான். நம் சமவெளியின் மார்கழி அப்படிப்பட்டதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த காட்டில் பூச்சிக்குப் பஞ்சமும் இல்லை.

அப்படியானால் எப்போது உதவலாம்? பட்டப்பகலில் வெட்டவெளியில் சுருளாமல் தளர்ந்து கிடந்தால், தள்ளாடி நடந்தால், அடிபட்டிருந்தால், உதவி தேவை. சாக்கால் தூக்கி, உயரமான பெட்டியில் பழந்துணி போட்டு வைப்போம். வயிறு சில்லென்றிருந்தால், வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைப்போம். சூடு ஏறிய பிறகுதான் தீனி. ஆழமில்லாத தட்டில் தண்ணீர், உதிர்த்த அவித்த முட்டை கொஞ்சம். பால் கூடவே கூடாது. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் சாறு அதன் வயிற்றில் போதாது. வயிற்றுப்போக்கு கண்டால் கால் கிலோ உடம்பில் எவ்வளவு நீர்தான் மிஞ்சும்? வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் அன்றே சொல்லிவிடுவோம்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது. தென் மாவட்டங்களில் கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. முள் என்பது நம் நகம், முடி போன்ற பொருள்தான். அதைச் சுட்ட சாம்பலில் மருந்து ஏதும் இல்லை. கக்குவானுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாகவே போடுகிறார்கள். அந்தச் சாம்பலுக்காக ஒரு முள்ளெலி சாவதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நலமாக இருக்கும் முள்ளெலியை எடுத்த இடத்திலேயே விட வேண்டும், அதுவும் பொழுது சாய்ந்தபின். சாலையிலிருந்து தள்ளி, புதர் வேலியடியில் மெல்ல இறக்கிவைத்து, வண்டி விளக்கை அணைத்துவிட்டு பத்தடி விலகி நிற்போம். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் சுருக்குப்பையின் கயிறு தளரும். முதலில் ஈரமான மூக்கு வெளியே வரும், காற்றை முகர்ந்து பார்க்கும். பிறகு நாம் எதிர்பார்ப்பதைவிட நீளமான கால்களில் எழுந்து, குடுகுடுவென்று புதருக்குள் ஓடும்.