விதைத் துவரையில் காய்ப்புழு: காலத்தே கண்டால் கடன் சுமையாகாது

கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டம் துவரைக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள கிளையொன்றில் நான் பணியாற்றியபோது, விதைக்காகத் துவரை பயிரிட்ட வாடிக்கையாளர் ஒருவர் பயிர்க் கடனுக்குத் தவணை நீட்டிப்புக் கேட்டு வந்தார். விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. ஆனால், புழு துளைத்த மணிகள் மிகுந்ததால் முளைப்புத்திறன் 75 சதவீதத்தை எட்டவில்லை. சான்று பெற்ற துவரை விதைக்கு அதுவே குறைந்தபட்ச அளவு. விதையாக விற்க வேண்டியது, சாதாரணத் துவரையின் விலைக்கே போயிற்று.

இழப்புக்குக் காரணம் பச்சைக் காய்ப்புழு. இதன் தாய் அந்துப்பூச்சி மொட்டுகளிலும் பூக்களிலும் தனித்தனியாக முட்டையிடும். புழு பச்சை, பழுப்பு எனப் பல நிறங்களில் இருக்கும். பக்கவாட்டில் கோடுகள் காணப்படும். தலையைக் காய்க்குள் நுழைத்து, உடலை வெளியே வைத்தபடி மணிகளைத் தின்னும். காயில் வட்டமான துளையிருந்தால் இதன் வேலை என்று அறியலாம்.

மொட்டு விடும் பருவத்திலிருந்தே வாரம் இருமுறை வயலைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தால் அந்துப்பூச்சியின் வரவு முன்னரே தெரியும். பறவைகள் அமரக் குச்சிகள் நடலாம். செடியை உலுக்கி, விழும் புழுக்களை விரிப்பில் சேகரித்து அழிப்பது அவ்வட்டார உழவர்களின் பழைய வழக்கம். செடிக்கு ஒரு புழு என்ற நிலை வந்தால் தாமதிக்கலாகாது. இளம்புழுவாக இருக்கும்போதே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு அல்லது என்.பி.வி. நச்சுயிரிக் கரைசல் தெளிக்கலாம். வெயிலில் நச்சுயிரி வீரியம் இழக்குமாதலால், மாலையில் தெளிப்பதே முறை. வளர்ந்த புழு மருந்துக்கு எளிதில் மடியாது. இரசாயன மருந்து தேவைப்பட்டால், வேளாண் அலுவலரின் பரிந்துரைப்படியே பயன்படுத்துக. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டா.

அந்த வாடிக்கையாளருக்கு இவையெல்லாம் தெரியாமலில்லை. கடன் தொகை முழுவதையும் விதைப்பின்போதே எடுத்துச் செலவிட்டதால், பூக்கும் பருவத்தில் கையில் பணமில்லை. உழவர் கடன் அட்டையின் வரம்பில் பயிர்ப் பாதுகாப்புச் செலவும் அடங்கும். அதனைத் தேவைக்கேற்பப் பகுதி பகுதியாக எடுக்கலாம். எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி. எனவே ஒரு பகுதியைப் பூக்கும் பருவத்துக்கென ஒதுக்கி வையுங்கள். வயலில் புழு சிறிதாக இருக்கும்போது செய்யும் செலவும் சிறிதே.