மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்?

2022 பிப்ரவரி 19 அன்று வாக்குச்சாவடிக்குப் போன சென்னை வாக்காளருக்கு ஒரே ஒரு வாக்குதான் இருந்தது, அதுவும் வார்டு கவுன்சிலருக்கு. மேயர் வேட்பாளர் என்று எந்த இயந்திரத்திலும் ஒரு பெயர் இல்லை. மார்ச் 2இல் 200 கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். மார்ச் 4இல் ரிப்பன் மாளிகையில் கூடி, தங்களில் ஒருவரான ஆர். பிரியாவைப் போட்டியின்றி மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். இதுதான் மறைமுகத் தேர்தல். அந்த முறை பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு முதன்முதலாக ஒரு தலித் பெண், 28 வயதில் மேயரானார்.

2011இல் இதே வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் இருந்தன: கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று. 1996இல் மு.க. ஸ்டாலின் மக்களின் நேரடி வாக்கில் மேயரானார், 2001இலும் அப்படியே. 2006இல் சட்டம் மாறி, கவுன்சிலர்கள் மா. சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல் வந்து சைதை துரைசாமி வென்றார். 2016இல் அது மறைமுகமானது; இடையில் நேரடி முறைக்குத் திரும்பி, 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் மறுபடி மறைமுகமானது. தேர்வு முறையை அரசியல் சாசனம் மாநிலத்திடம் விட்டிருக்கிறது. அதனால் கோட்டையில் இருப்பவர்களின் வசதிக்கேற்ப அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இரண்டு முறைக்கும் நியாயம் உண்டு. நேரடியாக வென்ற மேயர் ஊர் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவர். ஆனால் மாமன்றப் பெரும்பான்மை வேறு கட்சியிடம் போனால் தீர்மானங்கள் முடங்கும். மறைமுகமாக வருபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவர் பதவி கட்சித் தலைமையிடமும் கவுன்சிலர்களிடமும் சிக்கிக்கொள்கிறது. 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். புதிய மேயர்களைத் தேர்ந்தெடுத்ததும் கவுன்சிலர்கள்தான். அந்த ஊர் வாக்காளர்கள் செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். என் சாய்வு நேரடித் தேர்தல் பக்கம்தான்.

ஆனாலும் சண்டை முழுவதையும் அதற்கே செலவிடுவது வீண். எந்த வழியில் வந்தாலும் சென்னை மேயரின் அதிகாரம் குறுகியது. நிர்வாகம் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். ஆணையரிடம் இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம், பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், பெரிய கட்டடங்களுக்கான அனுமதி சி.எம்.டி.ஏ.விடம். தெருவில் தேங்கி நிற்பது மழைநீர் என்றால் மாநகராட்சி, சாக்கடை என்றால் வாரியம். இரண்டும் கலந்து நிற்கும்போது மனுவை எங்கே கொடுப்பது?

அப்போது மக்கள் தேடிப் போவது கவுன்சிலரைத்தான். வாசலில் போய் நின்று கேட்கக்கூடிய ஒரே மக்கள் பிரதிநிதி அவர். அந்த ஆளே இல்லாமல் சென்னை கழித்த ஆண்டுகள் ஏராளம். 1973இல், மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடக்க 1996 வரை ஆனது. 74ஆவது சாசனத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, ஐந்தாண்டு முடியும் முன்பே தேர்தல் நடத்துவதைக் கட்டாயமாக்கியது. அப்படியும் 2016 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சிதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தபோதும், கொரோனாவில் தெருக்களுக்குத் தகரம் அடித்தபோதும், இந்த மாநகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் எதுவும் அரசு முன்கூட்டி எதிர்பார்த்திருக்க முடியாத காரணமல்ல.

இப்போதைய மாமன்றத்தின் காலம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன் மாநிலத் தேர்தல் ஆணையம் வார்டுவாரி வாக்காளர் பட்டியலை வெளியிட்டாக வேண்டும். மேயர் பதவி யாருக்கு ஒதுக்கீடு என்பதை அரசு அறிவித்தாக வேண்டும். இவை தள்ளிப்போகத் தொடங்கினால், கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான். சட்டமன்ற வாக்காளர் பட்டியலில் இருந்துதான் வார்டுப் பட்டியல் எடுக்கப்படுகிறது. அதில் பெயர் விட்டுப்போனவர்கள் இப்போதே சேர்த்துக்கொள்வது நல்லது.