சக்திமானுக்கு ஹை ஹீல்ஸ் வேணுமா?

'சக்திமான்' என்றதும் பம்பரமாகச் சுழன்று பறந்த டி.வி. ஹீரோ ஞாபகத்துக்கு வருகிறாரா? நான் சொல்வது ஜபல்பூர் சக்திமான்! ஜெர்மனியின் 'மான்' கம்பெனி லைசென்ஸ் கொடுக்க, 1959 முதல் நம் ராணுவத்துக்காகத் தயாரான லாரி. 1965, 1971 யுத்தங்களில் ஜவான்களைச் சுமந்த புண்ணியவான்.

எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்புக்குப் பெரும்பாலும் ஒரே கதிதான்... உலையில் உருகி, வீடு கட்டும் கம்பி! அதனால், ராணுவம் கழித்துவிட்ட லாரியை யாராவது ஏலத்தில் எடுத்து ஓட்டப் போகிறேன் என்றால் எனக்கு ஏக சந்தோஷம். ஆனால், என் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஆசைப்படுகிற மாதிரி, "ஆறு இன்ச் தூக்கிட்டா சும்மா ஜம்முனு இருக்கும்ல சார்?" என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

ஸ்பிரிங் பட்டையை மறுபடி வளைத்து வில்லைக் கூட்டலாம். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து, நீளமான யு-போல்ட் போட்டு முறுக்கலாம். இரண்டிலும் உயர்வது வண்டியின் உடம்பு மட்டுமே. அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிபடுவதே அதுதானே! அதை உயர்த்தப் பெரிய டயர் போட வேண்டும். விட்டத்தில் 2 அங்குலம் கூடினால் உயரத்தில் 1 அங்குலம் கிடைக்கும். கூடவே ஸ்பீடோமீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும். பிரேக்குக்கு வேலை கூடும்.

உடம்பைத் தூக்கினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி வண்டி அதிரும். பிரேக் ஹோஸ் இழுபடும். ஸ்டீயரிங் ராடு கோணல் ஆகி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஜி.என்.டி. ரோட்டில் வேகமாக ஒரு வளைவு... உயரம் கூடின வண்டி சாய்வதற்கு அது போதும்!

"காலி வண்டி தூக்கித் தூக்கிப் போடுதே, நாலு பட்டையைக் கழற்றிட்டா?" என்பார்கள். அந்த அடுக்கு டன் கணக்கில் சரக்கு தாங்க வந்தது. கழற்றினால் மெத்தென்று போகும், ஆனால் வண்டி உட்கார்ந்துவிடும். ஒரு பட்டையின் கனம் பாதியானால் அதன் விறைப்பு எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கண்ணை மூடிக்கொண்டு கழற்றுகிற சமாசாரமா இது?

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியில் கைவைக்கக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. 2021-ல் வந்த 'விண்டேஜ்' விதிப்படி, 50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு 20,000 ரூபாயில் 10 வருஷப் பதிவு உண்டு. ஆனால், ஒரிஜினலாக இருந்தால்தான் அந்த மரியாதை!

நான் நண்பருக்குச் சொன்ன வைத்தியம் சிம்பிள். பட்டைகளைப் பிரித்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவுங்கள். புது புஷ், நல்ல ஷாக் அப்சார்பர் போடுங்கள். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று வழுக்காமல் இறுகிக்கொள்வதாலும்தான் பாதி குலுக்கல்.

யுத்தத்துக்கே போய் வந்தவருக்கு எதற்கு சார் ஹை ஹீல்ஸ்? மூட்டு வலிக்கு மருந்து கொடுங்கள், போதும்!