குளிர்காலச் சாலையோரத்து ஆந்தைகள்

குஜராத் மாநிலம் பாவ்நகர் மாவட்டத்தின் கிராமச் சாலைகளில் குளிர்காலத்தில் பயணம் செய்வோர், பறவைகளைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை. மின்கம்பிகளில் பனங்காடையும் கீச்சானும் அமர்ந்திருக்கும். அறுவடை முடிந்த வயல்களில், வடதிசையிலிருந்து வந்த பெருங்கொக்குகள் கூட்டமாக இரை தேடும்.

இச்சாலைகள் சென்றடையும் வேலாவதர் புல்வெளி, வெளிமான்களின் புகலிடமாக 1976-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 34 சதுர கிலோமீட்டர். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பூனைப் பருந்துகள், பகலெல்லாம் சுற்றுப்புற வயல்களில் வெட்டுக்கிளிகளைப் பிடித்து உண்டு, அந்தியில் நூற்றுக்கணக்கில் இங்குத் திரும்புகின்றன. மரங்களை நாடாமல், புல்லிடையே தரையிலேயே இரவைக் கழிக்கின்றன.

பருந்துகள் இறங்கும் அந்நேரத்தில் மற்றொரு குளிர்கால விருந்தாளி எழும்புகிறது. அதுவே குட்டைக் காது ஆந்தை. பகலில் புல்லுக்குள் பதுங்கியிருந்து, வெளிச்சம் முற்றிலும் மறையுமுன்னரே தாழப் பறந்து எலிகளை வேட்டையாடும். ஆண்டு முழுதும் ஊரோடு வாழும் புள்ளி ஆந்தையைக் காண விரும்பினால், முதிர்ந்த மரங்களின் பொந்துகளை நோக்குங்கள். ஒரு சாண் அளவேயுள்ள அப்பறவை, பகலிலும் பொந்தின் வாயிலில் அமர்ந்து, தலையை மேலும் கீழும் அசைத்து நம்மை உற்றுப் பார்க்கும்.

பறவை காண்பதற்கு வாகனமே சிறந்த மறைவிடம். மனிதர் இறங்கி நடந்தால் பறந்துவிடும் பறவைகள், நின்ற வண்டியை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. சாலையின் ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, உள்ளிருந்தபடியே இருகண்ணோக்கியால் பாருங்கள்.

ஆனால் அதே வாகனம் ஆந்தைக்கு எமனாகவும் ஆகிறது. சாலையோரப் புல்லில் எலி தேடித் தாழப் பறக்கும் ஆந்தை, விரைந்து வரும் வண்டியின் முகப்பொளியில் கண்கூசி, விலகத் தவறி அடிபடுகிறது. இருட்டிய பின் வேகத்தைக் குறைப்பதும், ஒளியைத் தாழ்த்துவதும் அதன் உயிரைக் காக்கக்கூடும். படமெடுப்பதற்காக அதன் கண்களில் விளக்கொளியைப் பாய்ச்சுவதும் தகாது.

ஆந்தையின் அலறலைத் தீநிமித்தமாகக் கருதுவோர் உண்டு. திருமகளின் வாகனமெனப் போற்றுவோரும் உண்டு. இருந்தும், தீபாவளியையொட்டி மாந்திரீகச் சடங்குகளுக்காக அவை பிடித்து விற்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைகளை வேட்டையாடுவதும் விற்பதும் குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, உழவர் உறங்கும் வேளையில் கூலி கேளாமல் வயலைக் காக்கும் காவலர் ஆந்தையே. அக்காவலருக்குச் சற்றே வழிவிட்டுச் செல்வது நம் கடமையன்றோ!